திறவுகோல் யார் கையில்? தொலைக்கட்டுப்பாட்டு ஒப்பந்தங்கள்: ஒரு விளக்கம்

ஓர் இயந்திரத்தை விலைக்கு வாங்குகிறோம். விற்றவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு பொருளை ஒப்படைக்கிறார். அத்தோடு அப்பொருளின்மீது அவருக்கிருந்த ஆளுகை முடிந்துவிடுகிறது. உடைமையும் ஆளுகையும் வாங்கியவரின் கையில் ஒருங்கே சேர்கின்றன. வாணிபம் பற்றிய சட்டங்கள் நெடுங்காலமாக இந்த எளிய நிலையை மனத்திற் கொண்டே வகுக்கப்பட்டு வந்துள்ளன.

இன்றைய தொழிற்கூடங்களில் இந்நிலை மாறிவிட்டது. ஒரு நகரத்தின் குடிநீர்க் குழாய்களைத் திறந்து மூடும் கருவியை நகராட்சி வாங்குகிறது. ஆனால் அக்கருவிக்குள் தொலைவிலிருந்து நுழைவதற்கான வழி, அதை அமைத்துக் கொடுத்த நிறுவனத்திடமும் இருக்கிறது. பழுது நீக்கவும் மென்பொருளைப் புதுப்பிக்கவும் அவ்வழி தேவைப்படுகிறது. ஆகவே உடைமை ஒருவரிடமும், ஆளுகையின் ஒரு பகுதி வேறொருவரிடமும் நிற்கின்றன. இவ்விருவரையும் இணைத்து நிற்பது ஓர் ஒப்பந்தத் தாள். அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது, என்ன எழுதப்படாமல் விடப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்நகரத்தின் குடிநீர் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பது தீர்மானமாகிறது.

இயந்திரங்கள் நமது துறையல்ல. ஆயினும் ஒப்பந்தம் என்பது சொற்களால் ஆனது. சொல்லின் எல்லையை அளந்து, அது எதை உள்ளடக்குகிறது, எதை வெளியே நிறுத்துகிறது என்று பிரித்தறிவது, அரபுக் கல்லூரியில் 'முஆமலாத்' எனும் கொடுக்கல் வாங்கல் சட்டங்களைப் பயிற்றுவிக்கும் நமக்குப் பழகிய பணியே. அந்த நோக்கில் இவ்வொப்பந்தங்களைச் சற்று விரிவாகக் காண்போம்.

பார்ப்பதும் தொடுவதும்

முதலில் இவ்வமைப்பு இயங்கும் விதத்தைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நலம். தொட்டியின் நீர்மட்டம், குழாயின் அழுத்தம், உலையின் வெப்பம் போன்றவற்றைச் சென்சார்கள் அளக்கின்றன. அந்த அளவுகள் பி.எல்.சி. எனப்படும் சிறிய கட்டுப்பாட்டுக் கணினியைச் சென்றடைகின்றன. அது தனக்கு இடப்பட்டுள்ள விதிகளின்படி மோட்டாரை ஓடச் செய்கிறது, வால்வை மூடுகிறது, அபாய மணியை ஒலிக்கிறது. இத்தகைய பல கணினிகள் வானொலி அலை, தொலைபேசிக் கம்பி, சிம் கார்டு, இணையம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் வழியாக ஒரு மைய நிலையத்தோடு இணைக்கப்படுகின்றன. மையத்தில் அமர்ந்திருப்பவர் திரையில் அனைத்தையும் காண்கிறார். தேவையான கட்டளைகளை அங்கிருந்தே பிறப்பிக்கிறார். இம்முழு ஏற்பாட்டையும் ஸ்காடா என்று பொறியாளர்கள் அழைப்பர்.

இதில் இரு வேறு செயல்கள் அடங்கியிருப்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒன்று கண்காணித்தல், மற்றொன்று கட்டுப்படுத்துதல். அளவுகளைப் படிப்பது பார்ப்பதோடு நின்றுவிடும். கட்டளையிடுவது பொருளைத் தொடுவதாகும். பார்க்க அனுமதி பெற்றவர் தொடவும் அனுமதி பெற்றவராகிவிட மாட்டார். ஆனால் பல ஒப்பந்தங்களில் 'தொலைவழிச் சேவை' என்ற ஒரே சொல் இவ்விரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. ஓர் ஒப்பந்தத்தின் முதற்பணி இவ்விரண்டையும் பிரித்து, எது அனுமதிக்கப்படுகிறது, எது அனுமதிக்கப்படவில்லை என்று தனித்தனியாக எழுதுவதாகும்.

மரூச்சியில் நடந்தது

இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்ச்சி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2000ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. மரூச்சி ஷயர் என்ற உள்ளாட்சி மன்றம் தனது கழிவுநீர் அமைப்பிலுள்ள 142 பம்பு நிலையங்களையும் வானொலி வழியே கட்டுப்படுத்தும் பணியை ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. அப்பணியை மேற்பார்வையிட்ட பொறியாளர் ஒருவர், ஏறத்தாழ இரண்டாண்டுகள் பணியாற்றிய பின், 1999 டிசம்பரில் அந்நிறுவனத்திலிருந்து விலகினார். பின்னர் உள்ளாட்சி மன்றத்திலேயே வேலை கேட்டார்; கிடைக்கவில்லை.

சில வாரங்களில் பம்பு நிலையங்கள் விசித்திரமாக நடந்துகொள்ளத் தொடங்கின. ஓட வேண்டிய பம்புகள் ஓடவில்லை. ஒலிக்க வேண்டிய அபாய அறிவிப்புகள் மையத்தை வந்தடையவில்லை. மைய நிலையத்துக்கும் பம்பு நிலையங்களுக்கும் இடையேயான தொடர்பு அடிக்கடி அறுந்தது. புதிய அமைப்பில் வரும் தொடக்கக் கோளாறுகள் என்றே முதலில் கருதப்பட்டது. மென்பொருள் முழுவதையும் மீண்டும் நிறுவிச் சரிபார்த்தார்கள். கோளாறு தீரவில்லை. இறுதியில், யாரோ ஒருவர் வெளியிலிருந்து வானொலி வழியே கட்டளைகளை அனுப்புகிறார் என்பது புலனாயிற்று. 2000 ஏப்ரல் 23 அன்று காவலர்கள் அந்த முன்னாள் மேற்பார்வையாளரின் காரை நிறுத்திச் சோதித்தபோது மடிக்கணினியும் வானொலிக் கருவியும் கட்டுப்பாட்டுக் கணினி ஒன்றும் அதில் இருந்தன.

அதற்குள் சுமார் 8 லட்சம் லிட்டர் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் ஒரு ஹோட்டலின் வளாகத்திலும் பாய்ந்துவிட்டது. ஓடை நீர் கறுத்தது. நீர்வாழ் உயிரினங்கள் மடிந்தன. அருகில் வசித்தோர் துர்நாற்றம் தாங்காது தவித்தனர். குறைந்தது 46 முறை அவர் அமைப்புக்குள் நுழைந்ததாக வழக்கு விசாரணையில் கூறப்பட்டது. 2001 அக்டோபரில் அவருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியைக் கணினிக் குற்றம் என்ற வகையிலேயே பலரும் பேசி வந்தனர். 2008ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் இதனை மீளாய்வு செய்தபோது வேறொரு கோணத்தையும் காட்டினர். அம்மனிதர் உள்ளாட்சி மன்றத்தின் ஊழியராக ஒருபோதும் இருந்ததில்லை. ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியராகவே இருந்தார். எனவே அவர் விலகியபோது அவரிடமிருந்து எதைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்கும் நிலையில் மன்றம் இல்லை. ஒப்பந்த நிறுவனத்தின் கடமைகளை வரையறுப்பதில் சேவை ஒப்பந்தம் போதாததாக இருந்தது என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் ஒன்று.

இங்கே நமக்குரிய பாடம் தெளிவாகிறது. வானொலி அலையைப் பூட்டத் தவறியது பொறியியல் குறை. வெளியேறும் மனிதனிடமிருந்து திறவுகோலை வாங்க வேண்டிய கடமையை எவர்மீதும் சுமத்தாமல் விட்டது ஒப்பந்தக் குறை. முதற்குறையைப் பொறியாளர் திருத்துவார். இரண்டாம் குறையைக் கையெழுத்திடுபவரே திருத்த வேண்டும்.

நுழைவும் வெளியேற்றமும்

நல்லதோர் ஒப்பந்தம் நுழைவைப் பற்றிச் சொல்ல வேண்டியவை சில உள்ளன. நிறுவனத்தின் பெயரில் பொதுவான அனுமதி தருவது போதாது. நுழையும் ஆட்களின் பட்டியல் இணைக்கப்பட வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் இருக்க வேண்டும். பத்துப் பொறியாளர்கள் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், தவறு செய்தவர் யார் என்பதை எந்த நீதிமன்றத்தாலும் கண்டறிய இயலாது. நுழைவு எப்போதும் திறந்திருக்க வேண்டுமா, அல்லது ஒவ்வொரு முறையும் வாங்கியவர் அனுமதித்த பின்னரே திறக்க வேண்டுமா என்பதும் எழுதப்பட வேண்டும். இரண்டாவதே பாதுகாப்பானது. ஆனால் நள்ளிரவில் பழுது ஏற்பட்டால் அனுமதி தருபவர் விழித்திருக்க வேண்டும் என்ற சுமையும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. அச்சுமையை ஏற்பதா இல்லையா என்பதை வாங்குபவர் தெரிந்தே முடிவு செய்ய வேண்டும்.

வெளியேற்றத்தைப் பற்றிய விதி இதனினும் முக்கியமானது. வழங்குநரின் ஊழியர் ஒருவர் வேலையை விட்டு விலகினாலோ, வேறு பணிக்கு மாற்றப்பட்டாலோ எத்தனை மணி நேரத்துக்குள் வாங்கியவருக்கு அறிவிக்க வேண்டும்? அவருடைய அனுமதியை யார் நீக்குவது? அவரிடமுள்ள மடிக்கணினி, கருவி, நிரலின் பிரதி ஆகியவை திரும்பப் பெறப்பட்டன என்று யார் எழுதித் தருவது? ஒப்பந்தமே முடிவுக்கு வரும் நாளில் எல்லாக் கடவுச்சொற்களும் எந்த வடிவத்தில் ஒப்படைக்கப்படும்? இக்கேள்விகள் திருமணப் பேச்சின்போது மணவிலக்கைப் பற்றிப் பேசுவதுபோல் தோன்றுவதால் பலரும் தவிர்த்துவிடுகின்றனர். ஆனால் நட்பு நிலவும்போதுதான் பிரிவின் விதிகளை நியாயமாக எழுத முடியும். பகை முற்றிய பின் எழுதப்படுவது விதியாக இராது, வழக்காகவே இருக்கும்.

மூன்றாவதாகப் பதிவேடு. யார், எப்போது நுழைந்தார், எதை மாற்றினார் என்பதை அமைப்பு தானாகவே பதிந்து வைக்க முடியும். அப்பதிவு வழங்குநரின் கணினியில் மட்டும் இருந்தால், பிரச்சினை எழும்போது எதிர்த் தரப்பினரிடமே சாட்சியம் கேட்கும் நிலை ஏற்படும். எனவே ஒரு பிரதி வாங்கியவரிடமும் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

நிறுத்தும் அதிகாரம்

தொலைவிலிருந்து இயக்க முடிந்தவருக்கு நிறுத்தவும் முடியும். இவ்வதிகாரம் நன்மைக்கும் பயன்படக்கூடும். 2022ஆம் ஆண்டில் உக்ரைனின் மெலித்தோப்போல் நகரிலிருந்து களவாடப்பட்ட விவசாய இயந்திரங்கள் தொலைவிலிருந்து பூட்டப்பட்டதால், திருடிச் சென்றவர்களால் அவற்றை இயக்க முடியவில்லை என்று அவ்வாண்டு மே மாதம் செய்தி வெளியானது. அதைப் படித்தோர் மகிழ்ந்திருப்பர். ஆனால் திருடனின் கையில் இயந்திரத்தை உறங்கச் செய்யும் அதே விசை, உரியவரின் கையிலும் அதை உறங்கச் செய்ய வல்லது.

போலந்து நாட்டில் எழுந்த ஒரு விவகாரம் இதை நன்கு விளக்குகிறது. அங்கு நேவாக் என்ற நிறுவனம் தயாரித்த மின்சார ரயில்களை லோயர் சைலீசியா மாகாண ரயில்வே வாங்கிப் பயன்படுத்தி வந்தது. பெரும் பராமரிப்புக்கான ஒப்பந்தப் புள்ளியில் வேறொரு பணிமனை வெற்றி பெற்றது. 2022இல் அப்பணிமனையில் பராமரிக்கப்பட்ட ரயில்கள், எவ்வகைப் பழுதும் காணப்படாத நிலையிலும், கிளம்ப மறுத்தன. பணிமனையின் அழைப்பை ஏற்று ஆராய்ந்த கணினி வல்லுநர் குழு, போட்டிப் பணிமனைகளின் இருப்பிட ஆயங்களே ரயிலின் நிரலில் பொதிந்திருந்ததாகவும், குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் அங்கு நின்றால் ரயில் பூட்டிக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்ததாகவும் 2023 டிசம்பரில் பகிரங்கமாக அறிவித்தது. தயாரிப்பாளர் இதனை முற்றாக மறுத்தார். ஆய்வாளர்கள் மீதும் பணிமனை மீதும் வழக்குத் தொடுத்தார். உண்மை யார் பக்கம் என்று தீர்ப்பளிப்பது நமது வேலையன்று. ரயிலை விலை கொடுத்து வாங்கிய ரயில்வே, தன் ரயில் ஏன் ஓடவில்லை என்பதை அறிய அயலாரின் துணையை நாட வேண்டியிருந்தது என்பதே நாம் இங்குக் கருத வேண்டியது.

நம் நாட்டிலும் இதற்கு அண்மைய உதாரணம் உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் குஜராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின்மீது தடை விதித்தது. அதைத் தொடர்ந்து மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்துக்கு அளித்துவந்த சேவைகளை நிறுத்தியது. பணம் செலுத்தப்பட்ட சேவை முன்னறிவிப்பின்றி நிறுத்தப்பட்டதாகக் கூறி நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. சில நாட்களில் சேவை மீண்டது. நிறுத்தப்பட்டவை மின்னஞ்சல் முதலிய அலுவலகச் சேவைகளே. ஆலையின் கட்டுப்பாட்டுக் கருவிகள் அல்ல. எனினும் வேறொரு கண்டத்தின் அரசியல் முடிவு, வழங்குநரின் கை வழியாக நம் தொழிற்கூடத்தை எட்டக்கூடும் என்பதற்கு அது போதுமான எச்சரிக்கை.

எனவே நிறுத்தும் அதிகாரத்தைப் பற்றி ஒப்பந்தம் வெளிப்படையாகப் பேச வேண்டும். எந்தெந்தக் காரணங்களுக்காக நிறுத்தலாம்? தவணை பாக்கி ஒரு காரணமாகுமா? எத்தனை நாள் முன்னறிவிப்புத் தேவை? எந்நிலையிலும் நிறுத்தக்கூடாத பணிகள் எவை? குடிநீர், கழிவுநீர், மருத்துவமனை மின்சாரம், கொதிகலனின் பாதுகாப்பு வால்வு போன்றவற்றைப் பணப் பிரச்சினைக்காகத் தொலைவிலிருந்து தொடக்கூடாது என்பது அறிவுடையோர் ஒப்புக்கொள்ளும் நியாயமேயாகும். மறைமுகப் பூட்டு எதுவும் நிரலில் இல்லை என்ற எழுத்துப்பூர்வ உறுதிமொழியையும் கேட்டுப் பெறலாம்.

இழப்பு யாரைச் சாரும்?

இவ்வொப்பந்தங்களில் மிகச் சிறிய எழுத்தில் அச்சிடப்படும் பகுதி இழப்பீடு பற்றியது. பெரும்பாலும் இரண்டு வரம்புகள் அதில் இருக்கும். ஒன்று, வழங்குநரின் பொறுப்பு அவர் பெற்ற கட்டணத்தின் அளவைத் தாண்டாது என்பது. மற்றொன்று, உற்பத்தி நின்றதால் ஏற்பட்ட வருமான இழப்புக்கு அவர் பொறுப்பல்லர் என்பது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குப் பராமரிக்கப்படும் அமைப்பு, ஒரே இரவில் ஒரு கோடி ரூபாய் சரக்கைக் கெடுத்துவிடக்கூடும். அப்போது கைக்குக் கிட்டுவது அந்த ஒரு லட்சம் மட்டுமே.

எழுதப்படாத இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது? 1854இல் இங்கிலாந்தில் ஹேட்லி எதிர் பாக்சண்டேல் என்ற புகழ்பெற்ற வழக்கு தீர்க்கப்பட்டது. குளோஸ்டர் நகரில் ஒரு மாவு ஆலையின் சுழல்தண்டு உடைந்தது. அதை மாதிரியாக அனுப்பிப் புதிய தண்டு செய்விக்க வேண்டியிருந்தது. எடுத்துச் செல்ல ஒப்புக்கொண்டவர்கள் தாமதித்தனர். ஆலை அந்நாட்களில் நின்றது. அந்த இலாப இழப்பை ஆலை உரிமையாளர்களால் பெற முடியவில்லை. மாற்றுத் தண்டு இல்லாமல் ஆலை முழுவதும் நின்றுவிடும் என்ற தனிச் சூழ்நிலை ஒப்பந்தத்தின்போது இரு தரப்பாரும் அறிந்ததாக இருக்கவில்லை என்பதே காரணம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவும் இக்கருத்தையே பின்பற்றுகிறது. இயல்பாக விளையும் இழப்புக்கும், ஒப்பந்தம் செய்யும்போதே இரு தரப்பாரும் விளையக்கூடும் என்று அறிந்திருந்த இழப்புக்கும் ஈடு உண்டு; தொலைவான, மறைமுகமான இழப்புக்கு இல்லை.

இதிலிருந்து நடைமுறைக்குரிய ஒரு செய்தி கிடைக்கிறது. 'இக்கருவி நின்றால் இன்னின்ன பிரிவுகள் நிற்கும். இத்தனை மணி நேரத்தில் இன்ன சரக்கு கெடும்' என்று ஒப்பந்தத்தின் முகப்பிலேயே எழுதி வைப்பது வெறும் அலங்காரமன்று. அவ்வாக்கியம் இருந்தால், பின்னர் 'எங்களுக்குத் தெரியாது' என்று வழங்குநர் சொல்ல இயலாது.

இஸ்லாமியச் சட்ட அறிஞர்களும் பிறர் பொருளைக் கையில் வைத்து வேலை செய்பவரின் பொறுப்பைப் பற்றி நுட்பமாக விவாதித்துள்ளனர். ஒருவருக்கே உழைக்கும் பணியாளரை 'அஜீர் காஸ்' என்றும், சாயமிடுபவர், சலவை செய்பவர்போலப் பலருக்கும் வேலை செய்பவரை 'அஜீர் முஷ்தரக்' என்றும் அவர்கள் பிரித்தனர். இரண்டாமவர் கையிலிருக்கும்போது அவர் செயலின்றிப் பொருள் அழிந்தால் அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. பொருள் அவரிடம் அமானத்தாகவே இருக்கிறது என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. பரவும் பெருந்தீ போன்ற தவிர்க்க முடியாத காரணத்தால் அழிந்தாலன்றி அவர் ஈடு செய்தே ஆக வேண்டும் என்பது அவர்தம் மாணவர்களான அபூ யூசுஃப், முஹம்மது (ரஹ்) ஆகியோரின் கருத்து. தம் செயலால் விளைந்த கேட்டுக்கு அவர் பொறுப்பாளி என்பதில் மூவரும் ஒன்றுபடுகின்றனர். நூற்றுக்கணக்கான ஆலைகளை ஒரே அறையிலிருந்து கவனிக்கும் இன்றைய சேவை நிறுவனம் இந்த 'அஜீர் முஷ்தரக்'கை ஒத்திருக்கிறது. அதன் ஒப்பந்தங்களிலும் இவ்விரு கருத்துகளே வேறு சொற்களில் மோதிக்கொள்கின்றன. தவறு நிரூபிக்கப்பட்டால் மட்டுமே பொறுப்பு என்பது வழங்குநர் விரும்பும் வாசகம். தவிர்க்க முடியாத பேரிடர் நீங்கலாக அனைத்துக்கும் பொறுப்பு என்பது வாங்குபவர் விரும்பும் வாசகம். வேறுபாடு ஒன்று உண்டு. சலவைக்காரரின் கையில் துணி முழுமையாக இருந்தது. இங்கோ இயந்திரம் ஒரே நேரத்தில் இருவர் கையிலும் இருக்கிறது. ஆதலால்தான் யார் எதைத் தொட்டார் என்று காட்டும் பதிவேடு இத்தனை முக்கியத்துவம் பெறுகிறது.

அளவுகள் யாருக்குச் சொந்தம்?

கட்டுப்பாட்டைப் போன்றே கண்காணிப்பிலும் சிக்கல் உண்டு. இது நம் வாசகர்களில் பலருடைய தொழிலைத் தொடுவது. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மிகுதியாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும், பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் முதலியனவும் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தி, அளவுகளை இணையவழி அனுப்பச் செய்யுமாறு மாநில வாரியங்களுக்குப் பணித்தது. அப்பதினேழில் தோல் பதனிடும் தொழிலும் ஒன்று. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரங்களில் இக்கட்டளையின் தாக்கத்தை அறியாதார் இலர்.

கருவியை விற்றுப் பராமரிப்பவர் தனியார் நிறுவனத்தார். அளவுகளைப் பெறுவது அரசு வாரியம். இடையில் நிற்பவர் ஆலை உரிமையாளர். கருவி தவறான அளவைக் காட்டினாலோ, இணைப்பு அறுந்து அளவு செல்லாமற் போனாலோ வாரியத்தின் அறிவிப்பு ஆலைக்கே வரும். கருவி விற்றவருக்கு வராது. ஆகவே பராமரிப்பு ஒப்பந்தத்தில் சில உறுதிகள் தேவை. கருவி எத்தனை நாட்களுக்கொரு முறை அளவுதிருத்தம் செய்யப்படும்? அதற்கான சான்று யாரிடம் இருக்கும்? இணைப்பு அறுந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வருவார்? அளவுகளின் மூலப்பதிவு ஆலைக்குக் கிடைக்குமா? வழங்குநர் அவ்வளவுகளை மூன்றாமவருக்குத் தரலாமா? மேலும், வழங்குநர் தொலைவிலிருந்து அளவுகளைத் திருத்தக்கூடிய நிலை இருக்கவே கூடாது. 'கொஞ்சம் குறைத்துக் காட்டிவிடலாம்' என்று ஆசை காட்டும் வழி திறந்திருப்பது, நேர்மையாக நடப்பவர்மீதும் ஐயத்தை விளைவிக்கும்.

அளவுகளின் உரிமை பற்றிச் சட்டங்களும் மெல்லப் பேசத் தொடங்கியுள்ளன. இணைப்புடைய கருவிகள் உருவாக்கும் தரவுகளைப் பயனாளரும் பெற உரிமையுடையவர் என்று கூறும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. அது நம் நாட்டு ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் ஐரோப்பியக் கருவிகளை வாங்குவோர், அங்குள்ள வாடிக்கையாளருக்குத் தரும் உரிமையை நமக்கும் எழுதித் தருமாறு கேட்பதில் தவறில்லை.

அறிவிக்கும் காலமும் ஆயுட்காலமும்

ஊடுருவல் நிகழ்ந்தால் அதை எப்போது அறிவிக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இந்தியாவில் கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, இத்தகைய நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்குமாறும், பதிவேடுகளை 180 நாட்களுக்குப் பேணுமாறும் கூறுகிறது. ஆனால் வெளிநாட்டு வழங்குநரின் அச்சிட்ட படிவத்தில் '72 மணி நேரத்துக்குள் அறிவிப்போம்' என்றிருந்தால் என்ன ஆகும்? அவர் தம் ஒப்பந்தத்தை நிறைவேற்றியவராகவே இருப்பார். அறியும் வாய்ப்பே பிந்திக் கிட்டும் வாங்கியவரோ, அதற்குள் தம் அமைப்பில் நடந்ததைத் தடுக்கும் தருணத்தை இழந்திருப்பார். எனவே நம் சட்டம் விதிக்கும் காலத்தைவிடக் குறைந்த காலத்தை வழங்குநருக்கு விதிப்பதே முறை.

ஆயுட்காலம் மற்றொரு பொறி. ஒரு பம்பு இருபது ஆண்டுகள் உழைக்கும். அதை இயக்கும் மென்பொருளுக்குத் தயாரிப்பாளர் தரும் ஆதரவு அவ்வளவு காலம் நீடிப்பதில்லை. விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிவடைந்தன. அவற்றின்மேல் அமைந்த கட்டுப்பாட்டுத் திரைகள் அத்தேதிக்குப் பின் புதிய ஓட்டைகளுக்கு மருந்தின்றி நிற்கின்றன. எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தரப்படும், வழங்குநர் தொழிலை மூடிவிட்டால் நிரலின் மூலப்பிரதி எங்கிருந்து கிடைக்கும் என்பவை முன்னரே தீர்க்கப்பட வேண்டும். மூலப்பிரதியை நடுநிலையான மூன்றாமவரிடம் ஒப்படைத்து வைக்கும் வழக்கம் உலகெங்கும் உள்ளது.

இயலாமையும் இயல்வதும்

'இவ்வளவையும் கேட்டால் பெரிய நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளுமா?' என்று வாசகர் வினவலாம். நியாயமான வினாவே. பத்து லட்ச ரூபாய்க் கருவி வாங்கும் சிறு ஆலைக்காகப் பன்னாட்டு நிறுவனம் தன் படிவத்தை மாற்றாது. ஆனால் மூன்று வழிகள் இயலக்கூடியவை. ஒன்று, தனித்தனியே பேரம் பேசாமல் ஒரே வட்டாரத்து ஆலைகள் சங்கத்தின் மூலம் சேர்ந்து பேசுவது. இரண்டு, ஒவ்வொரு விதியையும் புதிதாக எழுதாமல், சேவை வழங்குவோரின் பாதுகாப்புக் கடமைகளை வரையறுக்கும் ஐ.இ.சி. 62443 போன்ற பன்னாட்டுத் தரநிலையை ஒப்பந்தத்தோடு இணைக்கக் கோருவது. அறியப்பட்ட தரநிலையை மறுக்க வழங்குநர் தயங்குவார். மூன்று, இவை எவையும் இயலாதபோது, வழங்குநரின் இணைப்பைத் துண்டிக்கும் விசையையும், கையால் திருகி இயக்கும் வால்வையும் தம் வசமே வைத்துக்கொள்வது. எழுத்தில் பெற முடியாத உரிமையை இரும்பில் பெறுவதற்குத் தடையில்லை.

ஒப்பந்தம் ஒன்றே தீயவனைத் தடுத்துவிடும் என்று நாம் கருதவில்லை. மரூச்சியில் மிக நல்ல ஒப்பந்தம் இருந்திருந்தாலும் அம்மனிதர் முயன்றிருக்கக்கூடும். ஆனால் அவர் விலகிய அன்றே அவருடைய கருவிகளைக் கேட்டுப் பெறும் கடமை ஒருவருக்கு இருந்திருக்கும். கடவுச்சொற்கள் மாற்றப்பட்டனவா என்று கேட்கும் உரிமை மற்றொருவருக்கு இருந்திருக்கும். பம்புகள் நின்ற முதல் நாளிலேயே பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு இருந்திருக்கும். இரண்டு மாதக் குழப்பம் சில நாட்களில் முடிந்திருக்கலாம்.

ஆகவே நகராட்சி உறுப்பினர், ஆலை உரிமையாளர், கல்வி நிறுவனத்தின் தாளாளர் என எவராயினும், இத்தகைய ஒப்பந்தம் தம் முன் வைக்கப்படும்போது விலை எழுதப்பட்ட பக்கத்தோடு நின்றுவிடலாகாது. உறவு முடியும் நாளில் என்ன நிகழும் என்று கூறும் பக்கத்தை முதலில் தேடிப் படிக்க வேண்டும். அப்படியொரு பக்கமே இல்லையெனில், அதை எழுதிச் சேர்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.